வீட்டுக் கிதாருக்கு ஐந்து வாட்டே அதிகம்

பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்க முற்படும் மாணவர் விற்பவரிடம் முதலில் கேட்பது, "எத்தனை வாட்?" என்பதுதான். ஐம்பது என்று விடை வந்தால் முகம் மலர்கிறது. ஐந்து என்றால் வாடிவிடுகிறது. கேள்வியில் தவறில்லை. விடையைத் தலைகீழாகப் புரிந்துகொள்வதில்தான் தவறு இருக்கிறது. விடுதி அறையிலும் வாடகை வீட்டிலும் வாசிக்கப்போகிற ஒருவருக்கு ஐம்பது வாட் என்பது ஒருநாளும் பயன்படுத்த இயலாத திறன். பயன்படுத்த இயலாத திறனுக்குக் கொடுக்கும் விலையோடு, தூக்கிச் சுமக்க வேண்டிய எடையும், மாற்ற வேண்டிய வால்வுகளின் எண்ணிக்கையும் சேர்ந்தே வருகின்றன.

ஷில்லாங், ஐஸால், கொல்கத்தா, பெங்களூரு என மின்கிதார் வேரூன்றிய நகரங்களில் எல்லாம் இத்தகைய கருவிகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. கலைந்துபோன இசைக்குழுக்கள் விற்றவை சில. அமெரிக்காவில் பணியாற்றித் திரும்பியவர்கள் பெட்டிகளோடு கொண்டுவந்தவை சில. புதியவற்றில் பெரும்பாலானவை இறக்குமதியாதலால் விலை எட்டாத உயரத்தில் நிற்கிறது. மாதம் 37,000 ரூபாய் பெறும் இளநிலை ஆய்வு உதவித்தொகையாளருக்கே அது பெருஞ்செலவு. நெட் அல்லாத உதவித்தொகையாக 8,000 ரூபாய் பெறுபவருக்கோ பழையதும் பல மாதச் சேமிப்பு. ஆகவே இத்தேர்வில் நேரும் பிழை சிறிய பிழையன்று.

வீட்டில் வாசிப்பதற்கான பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரை மூன்று கேள்விகளைக் கொண்டு தேர்ந்தெடுக்கலாம். அதன் திறன் எவ்வளவு குறைவு? அதிலுள்ள ஸ்பீக்கர் எத்தகையது? பழுதானால் அதைத் திறந்து சரிசெய்யக்கூடியவர் யார்? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லையெனில், முதல் இரண்டுக்கும் எவ்வளவு நல்ல விடை கிடைத்தாலும் அதை வாங்காமல் இருப்பதே அறிவுடைமை.

வாட்டும் செவியும்

திறன் இரு மடங்கானால் ஒலியின் அளவு 3 டெசிபல் மட்டுமே உயர்கிறது. செவிக்கு ஓர் ஒலி 'இரண்டு மடங்கு பெரிதாக' ஒலிக்க ஏறத்தாழ 10 டெசிபல் உயர்வு வேண்டும். அதாவது திறன் பத்து மடங்காக வேண்டும். ஐம்பது வாட் கருவி ஐந்து வாட் கருவியைவிடப் பத்து மடங்கு உரத்தது என்ற எண்ணம் இங்கே உடைகிறது. அது இரண்டு மடங்கு உரத்தது, அவ்வளவே.

கிதார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் மிகுந்த உணர்திறன் உடையவை. ஒரு வாட் திறனுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 97 டெசிபல் தரும் ஸ்பீக்கர் என்பது அத்துறையில் வியப்புக்குரியதன்று. 100 டெசிபல் தருபவையும் உண்டு. வீட்டில், கதவு சாத்திய அறையில், ஒருவர் இடையூறின்றி வாசிக்கக்கூடிய அளவு 77 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 20 டெசிபல். திறனில் நூறு மடங்கு. ஆகவே அவருக்குத் தேவைப்படுவது ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு. ஐந்து வாட் கருவியையே முழுவதுமாகத் திருகினால் அதே தொலைவில் 104 டெசிபல் கிடைக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அது தாங்கக்கூடிய ஒலியன்று.

சட்டமும் இதில் குறுக்கிடுகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாட்டு விதிகள், குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபலையும் இரவில் 45 டெசிபலையும் சூழல் ஒலியின் வரம்பாக வகுத்துள்ளன. அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடங்களில் இவ்வரம்பு 50, 40 என இன்னும் தாழ்கிறது. மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவற்றோடு கல்வி நிறுவனங்களின் சுற்றுப்புறமும் அவ்வாறு அறிவிக்கப்படக்கூடியதே. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. ஆய்வு மாணவர் கிதாரைக் கையில் எடுக்கும் நேரம் பெரும்பாலும் அதுவேதான். ஆண்டின் பெரும்பகுதி சன்னல்களைத் திறந்துவைத்தே வாழும் நாட்டில் சுவரின் தடிப்பைக் கணக்கிட்டுப் பயனில்லை. அடுத்த அறையில் தேர்வுக்குப் படிப்பவரின் உறக்கமும் கவனமும் சட்டத்துக்கு முன்பே நிற்கும் வரம்புகள்.

பெரிய வாட் எண்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1960-களில் இசைக்குழுக்களின் அரங்குகள் பெருகின. கிதாரின் ஒலியை அரங்கம் முழுவதற்கும் கொண்டுசெல்லும் பொது ஒலியமைப்பு அந்த அளவுக்கு வளரவில்லை. மேடையில் நிற்கும் பெட்டியே கடைசி வரிசைவரை கேட்டாக வேண்டும். 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் கேட்டதற்கிணங்க மார்ஷல் நிறுவனம் 1965-இல் நூறு வாட் கருவியை உருவாக்கியது அந்தத் தேவையால்தான். இன்று மேடையிலும் ஆம்ப்ளிஃபயரின் முன் ஒரு மைக் வைக்கப்படுகிறது. அரங்கத்துக்கான ஒலியை வேறு கருவிகள் பார்த்துக்கொள்கின்றன. தேவை மறைந்துவிட்டது, எண்ணின் மதிப்பு மட்டும் மறையவில்லை.

வால்வின் குணம் எங்கே இருக்கிறது

இவ்வளவு தாழ்ந்த திறன் போதுமெனில் வால்வு எதற்கு என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. அதற்கு விடை காண, வால்வின் 'இனிமை' என்று சொல்லப்படுவது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

தன் எல்லைக்குள் இயங்கும் வரை நன்கு வடிவமைக்கப்பட்ட வால்வு கருவிக்கும் டிரான்சிஸ்டர் கருவிக்கும் இடையிலான வேறுபாடு பலர் நம்புவதைவிடச் சிறியது. எல்லை மீறும்போதுதான் இரண்டும் பிரிகின்றன. ரஸல் ஹேம் 1973-இல் ஒலிப்பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இவ்விவாதத்தில் இன்றும் சுட்டப்படுவது. மைக் முன்பெருக்கிகளை எல்லை மீறி இயக்கியபோது, வால்வு, டிரான்சிஸ்டர் ஆகியவற்றின் திரிபில் எந்த மேற்சுரங்கள் ஓங்கி நிற்கின்றன என்பதையே அது ஆராய்ந்தது. அதிலிருந்து பிறந்த 'வால்வு இரட்டைப்படை மேற்சுரங்களைத் தரும்' என்ற வாய்ப்பாடு பின்னர் எல்லா இடத்துக்கும் பொருத்தப்பட்டது. அது பாதி உண்மையே. இரண்டு திறன் வால்வுகள் எதிரெதிராக இயங்கும் அமைப்பில், அந்தக் கட்டத்தில் எழும் இரட்டைப்படை மேற்சுரங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. புகழ்பெற்ற பெரிய கிதார் ஆம்ப்ளிஃபயர்களில் மிகப் பெரும்பாலானவை இவ்வமைப்பைச் சேர்ந்தவை. ஒற்றை வால்வால் இயங்கும் சிறு கருவிகளில்தான் இரண்டாம் மேற்சுரம் தடையின்றி வெளிவருகிறது.

வாய்ப்பாட்டைவிட முக்கியமானது விரலுக்குக் கிடைக்கும் மறுமொழி. வால்வு எல்லையை நெருங்கும்போது திடீரென்று வெட்டுவதில்லை. சிறிது சிறிதாக வளைந்துகொடுக்கிறது. மெல்ல மீட்டினால் தெளிவு, அழுத்தி மீட்டினால் கரகரப்பு, இரண்டுக்கும் இடையே எண்ணற்ற படிகள். எரிக் கிளாப்டன் 1966-இல் ஜான் மேயாலின் குழுவோடு பதிவு செய்த இசைத்தட்டில் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரை ஒலிப்பதிவுக் கூடத்திலும் மேடை அளவுக்கு உரக்க இயக்கியே தீருவேன் என்று நின்றதன் காரணம் இதுவே. வால்வின் குணம் அதன் எல்லையில்தான் குடியிருக்கிறது.

இதன் பொருள் வீட்டில் வாசிப்பவருக்கு மிகவும் எளிது. ஐம்பது வாட் கருவியின் திறன் வால்வுகள் எல்லையை எட்டும் முன்பே அண்டை வீட்டார் கதவைத் தட்டிவிடுவர். ஆண்டுக்கணக்கில் ஒலித்திருகு 'ஒன்று' என்ற எண்ணைத் தாண்டாமல், எந்தக் குணத்துக்காகப் பணம் கொடுக்கப்பட்டதோ அந்தக் குணம் ஒருநாளும் கேட்கப்படாமலே போகும். ஒற்றை 6வி6 வால்வு கொண்ட ஃபெண்டர் சாம்ப், ஒற்றை ஈஎல்84 கொண்ட வாக்ஸ் ஏசி4, எபிஃபோன் வால்வ் ஜூனியர் ஆகியவை நான்கைந்து வாட் வகையைச் சேர்ந்தவை. ஒரு வாட் கருவிகளும் உண்டு. இவற்றிலும் எல்லையைத் தொட ஒரு பகற்பொழுது, கூடவே அண்டை வீட்டாரின் இசைவும் வேண்டும். ஆனால் தொட முடியும் என்பதே இவற்றின் சிறப்பு. இரண்டு ஈஎல்84 கொண்ட பதினைந்து வாட் கருவிகளை, நண்பர்களோடு சேர்ந்து பயிற்சி செய்யும் இடமும் வாய்ப்பும் உள்ளவர் கருதலாம். அதற்கு மேல் செல்ல வீட்டில் காரணமே இல்லை.

ஸ்பீக்கரும் தாழ்ந்த ஒலியும்

இரண்டாவது கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதே இல்லை. ஒரு வாட்டுக்கு 100 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கும் 92 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள 8 டெசிபல், திறனில் ஆறு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாட்டுக்கு ஈடானது. மேடைக்கு ஸ்பீக்கர் தேர்ந்தெடுப்பவர் உயர்ந்த எண்ணைத் தேடுவது நியாயம். வீட்டில் வாசிப்பவரோ தாழ்ந்த எண்ணைத் தேட வேண்டும். உணர்திறன் குறைந்த ஸ்பீக்கரோடு ஐந்து வாட் கருவி ஒரு வாட்டுக்கும் குறைந்ததுபோல் அடங்கி ஒலிக்கும். வால்வும் தன் எல்லைவரை உழைக்கும். எட்டங்குல ஸ்பீக்கர் பல சிறு கருவிகளில் ஒலியைப் பெட்டிக்குள் அடைத்ததுபோல் ஆக்கிவிடுகிறது. பத்தங்குலம் நல்ல நடுவழி.

கடையில் கேட்டது வீட்டில் ஏன் மெலிந்து ஒலிக்கிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. பெல் ஆய்வுக்கூடத்தின் ஹார்வி ஃப்ளெட்சரும் வைல்டன் மன்சனும் 1933-இல் வெளியிட்ட சம உரப்பு வளைகோடுகள், ஒலி தாழத் தாழ மனிதச் செவி அடித்தள அதிர்வெண்களைக் கூடுதலாக இழக்கிறது என்பதைக் காட்டின. உரக்க வாசித்துப் பார்த்து வாங்கிய கருவி, வீட்டில் ஒலியைக் குறைத்ததும் கீழ்சுரம் வற்றி, தகரத்தில் தட்டியதுபோல் ஆவது கருவியின் குற்றமன்று. ஆகவே வாங்கும் முன் வீட்டில் வாசிக்கும் அளவிலேயே, சொந்தக் கிதாரைக் கொண்டே, பத்து நிமிடமாவது வாசித்துப் பார்க்க வேண்டும். உரக்க வாசித்துக் காட்டி விற்பவர் ஏமாற்றுகிறார் என்பதில்லை. அவர் காட்டுவது வேறொரு கருவியை என்று சொல்லலாம்.

மறுப்புகள்

இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் சொல்லப்படுகின்றன. மூன்றிலும் உண்மை உண்டு.

முதலாவது, பெரிய கருவியிலும் மாஸ்டர் வால்யூம் திருகு உண்டே, முன்கட்டத்தில் கரகரப்பை உண்டாக்கி இறுதியில் ஒலியைக் குறைத்துக்கொள்ளலாமே என்பது. உண்மைதான்; 1970-களிலிருந்து ஒரு பெரிய இசைமரபே அவ்வகை முன்கட்டத் திரிபின் மீது எழுந்துள்ளது. அந்த ஒலியே வேண்டும் என்பவருக்கு அது சரியான வழி. ஆனால் அப்போது திறன் வால்வுகள் வெறும் கடத்திகளாகவே நிற்கின்றன. அவற்றின் எண்ணிக்கைக்கும் விலைக்கும் பொருளில்லை. அந்நிலையிலும் சிறிய கருவியே போதும்.

இரண்டாவது, ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே ஒரு தணிப்பியை இணைத்துத் திறனை வெப்பமாக மாற்றிவிடலாம் என்பது. இதுவும் நடைமுறையில் உள்ளதே. ஆயினும் வால்வுகள் முழு உழைப்பில் இயங்கித் தேய்கின்றன. கூடுதல் கருவிக்குக் கூடுதல் செலவு. மிகவும் தணிக்கும்போது ஸ்பீக்கர் அசையாமல் ஒலி சோர்கிறது. ஐம்பது வாட்டை வாங்கி நாற்பத்தொன்பது வாட்டை எரித்துவிடுவது சிக்கனமான வழியாகத் தோன்றவில்லை.

மூன்றாவதே வலிமையானது. இன்றைய எண்ணிமக் கருவிகள் வால்வின் நடத்தையை மிக அணுக்கமாகப் போலச் செய்கின்றன, ஹெட்ஃபோனில் கேட்கலாம், எடையும் விலையும் குறைவு. இரவில் மட்டும் வாசிக்க முடிந்தவருக்கும், ஆண்டுக்கு ஒருமுறை அறை மாறுபவருக்கும் அதுவே தக்கது. அவர் வால்வை வாங்காதது எவ்வகையிலும் குறைவன்று. வால்வின் பக்கம் நிற்கும் வாதம் ஒலியைவிட ஆயுளைப் பற்றியது. எண்ணிமக் கருவியின் சில்லு செத்தால் கருவி செத்தது. நன்கு கட்டப்பட்ட வால்வு கருவியில் ஒவ்வோர் உறுப்பையும் கண்ணால் பார்க்கலாம், அளக்கலாம், மாற்றலாம். அறுபதாண்டுக் கருவிகள் இன்றும் ஒலிப்பது அதனால்தான். ஆனால் இந்த வாதம் நிற்பதும் விழுவதும் மாற்றத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் பின்பக்கத்து மின்னழுத்தக் குறிப்பு. நம் நாட்டின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அங்கிருந்து வந்த கருவியை நேரடியாகச் செருகினால் அந்த நொடியே அது பாழாகும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி வைத்தால் போதும் என்பது பொது அறிவு. அதிர்வெண்ணை அது மாற்றாது என்பது பலரும் மறப்பது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் வடிவமைத்த மின்மாற்றி 50 ஹெர்ட்ஸில் இயங்கும்போது அதன் உள்ளகம் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் காந்தப் பாயத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது; கூடுதலாகச் சூடேறுகிறது. '50/60 ஹெர்ட்ஸ்' என்ற குறிப்பு இல்லாத அமெரிக்கக் கருவியைத் தவிர்ப்பது நன்று.

அடுத்தது எர்த். மிகப் பழைய கருவிகள் சிலவற்றில் இருமுனைப் பிளக்கே இருக்கும். அதை மூன்று முனையாக மாற்றாமல் கிதாரைத் தொடுவது ஆபத்து. கிதாரின் கம்பிகள் கருவியின் உலோக உடலோடு இணைந்தவை. சுவரில் மூன்று துளை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பவும் கூடாது. வாடகை வீடுகளில் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாதது அரிதன்று.

பின்னர் கருவியை இயக்கி, கிதாரைச் செருகாமல், காதைக் கொடுக்க வேண்டும். கிதாரின் ஐந்தாம் கம்பிக்கு அணுக்கமான சுருதியில் கனத்த ரீங்காரம் எழுந்தால், அது 100 ஹெர்ட்ஸ். மின்னழுத்தத்தைச் சமன்செய்யும் மின்தேக்கிகள் வறண்டுவிட்டதன் அறிகுறி. அதற்கு ஓர் எட்டுச்சுரம் கீழே ஒலித்தால் எர்த் இணைப்பிலோ வால்வின் சூடேற்றும் இழையிலோ கோளாறு இருக்கலாம். மின்தேக்கிகளை மாற்றுவது இயல்பான பராமரிப்பே. அதற்கான செலவை விலையிலிருந்து கழித்துக்கொள்ளலாம். திருகுகளின் கரகரப்பு அற்பம். வால்வைப் பென்சிலால் மெல்லத் தட்டும்போது ஸ்பீக்கரில் மணியோசை கேட்டால் அந்த வால்வு மாற்ற வேண்டியது. கண்ணாடிக்குள் வெள்ளிபோல் மின்னும் பூச்சு வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. திறன் வால்வின் உள்ளிருக்கும் உலோகத் தகடு சிவந்து கனன்றால் உடனே அணைத்துவிட வேண்டும். இத்தனையும் சரியாக இருந்தாலும் அரை மணி நேரம் ஓடவிட்டே முடிவெடுக்க வேண்டும். வெப்பத்தில் வெளிப்படும் கோளாறு ஐந்து நிமிடத்தில் தெரிவதில்லை.

ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை இரு கைவிரல்களாலும் சமமாக மெல்ல அழுத்தும்போது உரசும் ஒலி கேட்டால் அதன் சுருள் கெட்டிருக்கிறது. ஷில்லாங், கொல்கத்தா போன்ற ஈரம் மிகுந்த ஊர்களில் இருந்து வந்தவற்றில் கூம்பின் பூஞ்சையையும், வால்வு செருகும் குழிகளின் துருவையும் தனியே பார்க்க வேண்டும். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு கருவியை இயக்கவே கூடாது. வெளியீட்டு மின்மாற்றி, கருவியின் மிக விலையுயர்ந்த உறுப்பு, அதனால் கருகக்கூடும்.

'வால்வு' என்ற சொல்லையும் சோதிக்க வேண்டும். முன்கட்டத்தில் ஒரே ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வை வைத்துவிட்டு, திறன் கட்டத்தை டிரான்சிஸ்டரால் நடத்தும் கலப்புக் கருவிகள் சந்தையில் நிறைய. அவை மோசமானவை அல்ல. ஆனால் வால்வின் விலைக்கு அவற்றை வாங்கக் கூடாது. உள்ளே பார்க்க வாய்ப்பிருந்தால் வால்வின் குழிகள் உலோகச் சட்டத்தில் பொருத்தப்பட்டனவா, அச்சுப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டனவா என்பதையும் காண வேண்டும். பின்னதில் வெப்பமும் குளிர்ச்சியும் மாறி மாறிப் பற்றவைப்பை விரிசலாக்குகின்றன. பழுது பார்ப்பதும் கடினம்.

சரிசெய்பவர் யார்

மூன்றாவது கேள்விக்கு வரும்போது பேச்சு ஒரு தனிமனிதரின் கொள்முதலைத் தாண்டுகிறது.

வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள் முந்நூறு, நானூறு வோல்ட் நேர்மின்னழுத்தம் இருக்கிறது. சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவிய பிறகும் மின்தேக்கிகள் அதைத் தேக்கிவைத்திருக்கக்கூடும். உயிரைப் பறிக்கப் போதுமான அளவு அது. காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டுத் திருப்புளியோடு அமரும் துணிவு இங்கே தகாது. மின்தேக்கியின் மின்னேற்றத்தை முறையாக வடித்து, அளந்து உறுதிசெய்த பின்னரே கைவைக்கத் தெரிந்தவர் ஒருவர் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும்.

அத்தகையவர்கள் இந்நாட்டில் ஒருகாலத்தில் ஊருக்கு ஊர் இருந்தனர். ஈஎல்84 கிதாருக்கெனப் பிறந்த வால்வன்று. வீட்டு வானொலியையும் ரேடியோகிராமையும் நடத்தவே அது உருவானது. 1954-இல் பெங்களூரில் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ், 1961-இல் வானொலிக்கான வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. அந்த வால்வுகள் இன்று வெளிநாட்டுப் பழஞ்சரக்கு வணிகர்களிடம் விலைபோகின்றன. வானொலி பழுதுபார்ப்பவர் தம் மேசையில் அன்றாடம் கண்ட சுற்றும், புகழ்பெற்ற சிறு கிதார் ஆம்ப்ளிஃபயரின் சுற்றும் நெருங்கிய உறவினை உடையவை. பெயரும் பெட்டியும் மாறினாலும், ஒன்றை அறிந்தவருக்கு மற்றொன்று புதிரன்று.

அந்தத் தலைமுறை முதுமையடைந்துவிட்டது. கொல்கத்தாவின் சாந்தினி சந்தையிலும், மும்பையின் லாமிங்டன் சாலையிலும், பெங்களூரின் எஸ்.பி. சாலையிலும் உதிரி உறுப்புகள் இன்னும் கிடைக்கின்றன. உறுப்பை எங்கே, ஏன் மாற்ற வேண்டும் என்று அறிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. வால்வுகளின் உலக உற்பத்தியும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளின் ஒருசில ஆலைகளில் சுருங்கிவிட்டது. 2022-இல் ரஷ்யாவின் ஏற்றுமதித் தடை குறித்த செய்தி பரவிய சில நாள்களில் உலகெங்கும் வால்வு வாங்குவோர் பதறியதை இத்துறையினர் மறந்திருக்க மாட்டார்கள். பல வால்வுகள் தேவைப்படும் பெரிய கருவிக்கு எதிராகவும், ஒன்றிரண்டோடு நிறைவுறும் சிறிய கருவிக்கு ஆதரவாகவும் இதுவும் ஒரு காரணம்.

இங்கே பல்கலைக்கழகங்களுக்கு ஒரு கடமை உண்டு. மின்னணுவியல் துறைகளின் ஆய்வகங்களில் அலைநோக்கி உண்டு. உயர் மின்னழுத்தத்தைப் பாதுகாப்பாகக் கையாளத் தெரிந்த ஆய்வக ஊழியர் உண்டு. பாடத்திட்டத்தில் வால்வு ஒரு வரலாற்றுக் குறிப்பாகச் சுருங்கியது இயல்பே; அதைப் பாடமாகத் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. பருவத்துக்கு ஒருமுறை, ஓய்வுபெற்ற வானொலி பழுதுபார்ப்பவர் ஒருவரை அழைத்து, உரிய மதிப்பூதியம் கொடுத்து, மாணவர்களின் கருவிகளை அவர் முன்னிலையில் திறந்து பார்க்கும் ஒருநாள் பட்டறை நடத்தினால் போதும். அவர் பேசுவதைப் பதிவுசெய்து, அவர் அளப்பதைக் குறித்துவைத்தால் அது ஆய்வாகவும் ஆகும். கைவினை அறிவைப் பற்றிக் கருத்தரங்குகள் நடத்தும் துறைகள், அந்த அறிவு தம் வளாகத்துக்கு வெளியே பூட்டப்பட்ட கடையில் மறைவதைக் காணாதிருப்பது விந்தை.

அந்தப் பட்டறை ஒருநாள் வரலாம், வராமலும் போகலாம். அதுவரை, வாங்கப் புறப்படும் மாணவர் விளம்பரங்களைப் பார்ப்பதற்கு முன் ஊரில் இன்னும் வால்வு வானொலியைத் திறக்கும் ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பது நல்லது. அவரையும் உடன் அழைத்துச் சென்று கருவியைப் பார்ப்பது அதனினும் நல்லது. அதற்கு அவருக்குக் கொடுக்கும் தொகை அந்தக் கொள்முதலிலேயே சிக்கனமான பகுதி. அப்படி ஒருவர் கிடைக்கவில்லையென்றால் ஹெட்ஃபோனும் எண்ணிமக் கருவியும் போதும். இசை அதனால் குறைந்துவிடாது. கிடைத்துவிட்டால், ஐந்து வாட், ஒற்றைத் திறன் வால்வு, பத்தங்குல ஸ்பீக்கர், உலோகச் சட்டத்தில் பொருத்திய குழிகள், உண்மையான எர்த். இதற்கு மேல் வீட்டில் எதுவும் வேண்டியதில்லை. பத்து மணி அடிக்கும் முன் அணைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர.